வாக்னரின் அட்டை: சிகரெட் பெட்டிக்குள் இலவசமாக வந்த காகிதம் 58 கோடி ரூபாய்க்கு விலைபோனது எப்படி?

2022 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு பேஸ்பால் அட்டை 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அன்றைய மாற்று விகிதப்படி ஏறத்தாழ 58 கோடி ரூபாய். அட்டையின் அகலம் சுமார் 3.7 சென்டிமீட்டர், உயரம் சுமார் 6.7 சென்டிமீட்டர். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். தரமதிப்பீட்டில் அதற்குக் கிடைத்தது பத்துக்கு 2.

இத்தகைய செய்தியைப் படிப்பவருக்கு மூன்று கேள்விகள் எழும். ஒரு காகிதத் துண்டுக்கு ஏன் இவ்வளவு விலை? அதுவும் பத்துக்கு இரண்டு வாங்கிய, தேய்ந்த துண்டுக்கு ஏன்? பேப் ரூத் போன்ற உலகறிந்த பேஸ்பால் வீரர்களின் பெயர்களை விட்டுவிட்டு, அமெரிக்காவுக்கு வெளியே அதிகம் கேள்விப்படாத ஹோனஸ் வாக்னர் என்பவரின் படத்துக்கு ஏன்? "அபூர்வமானது, அதனால் விலை அதிகம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். அந்த விடை பாதி உண்மை. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ளச் சிகரெட் வியாபாரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

சிகரெட் பெட்டிக்குள் படம் எப்படி வந்தது

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கச் சிகரெட்டுகள் மெல்லிய காகிதப் பொட்டலங்களில் விற்கப்பட்டன. சட்டைப்பையில் வைத்தால் நசுங்கிவிடும். அதைத் தடுக்க உள்ளே ஒரு தடித்த அட்டையைச் செருகினார்கள். வெற்று அட்டையைச் செருகுவானேன் என்று அதில் நடிகைகள், பறவைகள், கொடிகள், விளையாட்டு வீரர்கள் ஆகியோரின் படங்களை அச்சிட்டார்கள். படங்கள் வரிசைத் தொகுப்புகளாக வந்தன. ஒரு தொகுப்பை முழுமையாக்க வேண்டும் என்ற ஆசை, அதே பிராண்டை மறுபடியும் வாங்க வைத்தது.

1890இல் ஜேம்ஸ் புக்கானன் டியூக்கின் தலைமையில் பெரிய நிறுவனங்கள் ஒன்றிணைந்து அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி உருவானது. போட்டியாளர்களே ஒரு குடைக்குள் வந்துவிட்ட பிறகு படம் கொடுத்து ஆள் பிடிக்கும் அவசியம் குறைந்தது, அட்டைகளும் குறைந்தன. 1909இல் அவை பெரிய அளவில் திரும்பி வந்தபோதுதான், இன்று சேகரிப்பாளர்கள் "டி206" என்று அழைக்கும் தொகுப்பு பிறந்தது. 1909 முதல் 1911 வரை ஸ்வீட் கேப்பரல், பீட்மாண்ட் உள்ளிட்ட 16 பிராண்டுகளின் பெட்டிகளில் இந்த அட்டைகள் வந்தன. முன்பக்கம் வீரரின் வண்ணப்படம், பின்பக்கம் பிராண்டின் விளம்பரம். மொத்தம் 520க்கும் மேற்பட்ட வெவ்வேறு படங்கள். அளவைப் பார்த்து மிரண்ட சேகரிப்பாளர்கள் இதற்கு "அரக்கன்" என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

"டி206" என்பது நிறுவனம் வைத்த பெயர் அல்ல. நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் நகரில் வாழ்ந்த ஜெபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர், அமெரிக்காவில் வெளிவந்த அட்டைகளையெல்லாம் பட்டியலிட்டபோது கொடுத்த எண் அது. "டி" என்றால் 20ஆம் நூற்றாண்டின் புகையிலை அட்டை. மூட்டுவாதத்தால் கைகள் முடங்கிக்கொண்டிருந்த நிலையிலும் அந்த மனிதர் மூன்று லட்சத்துக்கும் அதிகமான அச்சுப் பொருட்களைச் சேர்த்து, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டுப் போனார். வாக்னர் அட்டை ஒன்று அந்தத் தொகுப்பிலும் இருக்கிறது. 1930களிலேயே பர்டிக் அதற்கு 50 டாலர் விலை குறித்திருந்தார். மற்ற அட்டைகள் பெரும்பாலும் சில காசுகளுக்கு மேல் பெறாத காலம் அது. ஆகவே, இந்த விலை ஏதோ இணைய யுகத்தின் பைத்தியக்காரத்தனம் என்று நினைக்க வேண்டாம். வாக்னர் உயிரோடிருந்தபோதே இந்தத் தொழிலின் உச்ச விலை அவருடைய அட்டைக்குத்தான்.

யார் இந்த வாக்னர்

ஜெர்மனியிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1874 பிப்ரவரி 24 அன்று பென்சில்வேனியாவில், பிட்ஸ்பர்க் அருகே பிறந்தவர். இயற்பெயர் யோஹானஸ் பீட்டர் வாக்னர்; வீட்டில் அழைத்த செல்லப்பெயர்தான் ஹோனஸ். பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு நிலக்கரிச் சுரங்க வேலைக்குப் போனவர். 1897இல் லூயிவில் அணியில் சேர்ந்தார். 1899 பருவத்தோடு, பெரிய பேஸ்பால் அணிகளின் அமைப்பான நேஷனல் லீக் பன்னிரண்டு அணிகளை எட்டாகக் குறைத்தபோது லூயிவில் அணி மறைந்தது. அதன் முதலாளி பார்னி டிரைஃபஸ் நல்ல வீரர்களை அள்ளிக்கொண்டு பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்கு வந்தார். வாக்னருக்கு அது சொந்த ஊர். 1917இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே ஆடினார்.

அவர் ஆடிய இடம் "ஷார்ட்ஸ்டாப்". பந்தை அடித்தவர் ஓடி ஒன்றன்பின் ஒன்றாக எட்ட வேண்டிய தளங்களில், இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே நிற்கும் தடுப்பாளர். வலக்கை ஆட்டக்காரர்கள் அடிக்கும் தரைப்பந்துகள் பெரும்பாலும் அந்தத் திசையில்தான் பாயும். ஆகவே மைதானத்தில் மிகக் கடினமான தடுப்பு இடங்களில் அது ஒன்று. அங்கே ஆடுபவர் நன்றாகத் தடுத்தாலே போதும், மட்டையில் சுமாராக இருந்தாலும் மன்னித்துவிடுவார்கள். கிரிக்கெட்டில் பழைய விக்கெட் கீப்பர்களுக்கு இருந்த சலுகை போல. வாக்னர் அந்தச் சலுகையைக் கேட்கவே இல்லை. எட்டு முறை லீகின் மட்டையடி சராசரியில் முதலிடம். நேஷனல் லீகில் அந்தச் சாதனையை எட்டிப்பிடித்தவர் டோனி க்வின் ஒருவர்தான், மிஞ்சியவர் இல்லை.

சராசரி என்பதை இங்கே விளக்கிவிட வேண்டும். பேஸ்பாலில் அது ஓட்டங்களின் சராசரி அல்ல. பத்து முறை மட்டையெடுத்தால் எத்தனை முறை பந்தை அடித்துப் பாதுகாப்பாகத் தளத்தை எட்டினார் என்ற விகிதம். மூன்று முறை எட்டினாலே, அதாவது 0.300, நல்ல ஆட்டக்காரர். 1900இல் வாக்னரின் சராசரி 0.381. இருபத்தொரு ஆண்டு வாழ்க்கை முழுவதையும் சேர்த்தால் சுமார் 0.328. வெற்றிகரமான அடிகள் 3,400க்கும் மேல். திருடிய தளங்கள், அதாவது பந்து அடிக்கப்படாதபோதே ஓடிக் கைப்பற்றிய அடுத்த தளங்கள், 700க்கும் மேல். வளைந்த கால்கள், அகன்ற மார்பு, முழங்கால்வரை தொங்குவது போன்ற கைகள். பார்த்தால் ஓடக்கூடியவர் என்றே தோன்றாது. ஆனாலும் "பறக்கும் டச்சுக்காரர்" என்று பெயர். டச்சு ரத்தம் எதுவும் கிடையாது. "டாய்ச்", அதாவது ஜெர்மானியர் என்பதை அமெரிக்க நாக்கு "டச்சு" ஆக்கிவிட்டது.

அட்டை வெளியான 1909ஆம் ஆண்டு அவருக்கு உச்ச ஆண்டு. பைரேட்ஸ் அந்தப் பருவத்தில் 110 ஆட்டங்களை வென்று, இரண்டு பெரிய லீகுகளின் முதல் அணிகள் மோதும் இறுதிப் போட்டியான உலகத் தொடருக்குப் போனது. எதிரே டெட்ராய்ட் டைகர்ஸ். அதன் நட்சத்திரம் டை காப். இரண்டு லீகுகளின் தலைசிறந்த இரண்டு ஆட்டக்காரர்கள் நேருக்கு நேர். ஏழாவது ஆட்டத்தில் பைரேட்ஸ் கோப்பையை வென்றது. வாக்னர் 0.333, காப் 0.231. 1936இல் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்கு முதன்முதலாகத் தேர்வான ஐவரில் வாக்னரும் ஒருவர். அந்த வாக்கெடுப்பில் காப்புக்கு 222 வாக்குகள். ரூத்துக்கும் வாக்னருக்கும் ஆளுக்கு 215. "ரூத்தை விட்டுவிட்டு இவருக்கு ஏன்" என்ற கேள்விக்கு அன்றைய வாக்காளர்கள் கொடுத்த விடை இது. அதன் பிறகு வந்த ஆண்டுகளில் ரூத்தின் புகழ் உலகெங்கும் பரவியது. வாக்னரின் புகழ் பிட்ஸ்பர்க்கிலும், ஓர் அட்டையிலும் தங்கிவிட்டது.

ஏன் இவ்வளவு குறைவு: ஒரு மறுப்புக் கடிதம்

டி206 தொகுப்பின் பெரும்பாலான அட்டைகள் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. சாதாரண வீரரின் அட்டையை நடுத்தர வருமானக்காரரே வாங்கிவிடலாம். வாக்னர் அட்டையோ உலகம் முழுவதும் சுமார் 60 மட்டுமே அறியப்பட்டுள்ளன.

காரணத்துக்கு ஒரு சமகாலச் சான்று உண்டு. 1912 அக்டோபரில் "ஸ்போர்ட்டிங் நியூஸ்" இதழ் ஒரு சம்பவத்தை வெளியிட்டது. பிட்ஸ்பர்க் விளையாட்டு நிருபர் ஜான் குரூபரிடம், வாக்னரின் சம்மதத்தை வாங்கிக் கொடுத்தால் 10 டாலர் தருவதாகச் சிகரெட் நிறுவனம் சொன்னது. குரூபர் வாக்னருக்கு எழுதினார். வாக்னர், சிகரெட் பெட்டியில் தன் படம் வருவதில் விருப்பமில்லை என்று பதில் எழுதினார். தன்னால் குரூபருக்கு நஷ்டம் வேண்டாம் என்று 10 டாலருக்கு ஒரு காசோலையையும் கூடவே வைத்து அனுப்பினார். குரூபர் அதைப் பணமாக்கவில்லை, நினைவுப்பொருளாக வைத்துக்கொண்டார்.

அட்டைகளின் பின்பக்கமே இன்னொரு சான்று. டி206 பல கட்டங்களாக அச்சிடப்பட்டது. "150 படங்கள்" என்று பின்பக்கத்தில் குறிப்பு இருப்பவை முதல் கட்டம். கிடைத்திருக்கும் வாக்னர் அட்டைகள் எல்லாமே அந்த முதல் கட்டத்தவை. பெரும்பாலானவற்றில் ஸ்வீட் கேப்பரல் விளம்பரம், மிகச் சிலவற்றில் பீட்மாண்ட். அதாவது, சம்மதம் வரும் என்ற நம்பிக்கையில் அச்சிட்டு அனுப்பத் தொடங்கினார்கள்; மறுப்பு வந்ததும் நிறுத்திவிட்டார்கள்.

அவர் ஏன் மறுத்தார் என்பதில்தான் சண்டை. இரண்டு தரப்பு.

1. குழந்தைகளுக்காக மறுத்தார் என்பது புகழ்பெற்ற கதை. படத்துக்காகச் சிறுவர்கள் கடைவாசலில் நின்று, சிகரெட் வாங்கி வருபவர்களிடம் கைநீட்டிய காலம் அது. தன் படத்துக்காக ஒரு சிறுவன் சிகரெட்டைத் தொட வேண்டாம் என்று வாக்னர் நினைத்தார் என்கிறார்கள்.

2. பணம் பேசவில்லை என்பதால் மறுத்தார் என்பது எதிர்க்கதை. அவர் புகையிலை மென்றவர்; சுருட்டுப் பிடித்தவர்; 1890களின் இறுதியில் லூயிவில்லில் ஒரு சுருட்டு வியாபாரியின் விளம்பர அட்டையில் அவருடைய படம் வந்திருக்கிறது. தன் பெயரின் விலை தெரிந்தவரும்கூட. 1905இல் லூயிவில் ஸ்லக்கர் மட்டைகளில் தன் கையெழுத்தைப் பொறிக்க அனுமதித்தார். அப்படி ஒப்பந்தம் செய்த முதல் ஆட்டக்காரர் அவர். 1908இல் ஓய்வு பெறப்போவதாகச் சொல்லிவிட்டு, 10,000 டாலர் சம்பளத்துக்குத் திரும்பி வந்தார்.

என் பார்வையில் முதல் தரப்புக்கே எடை அதிகம். காரணம் இன்னொரு தொகுப்பு. அதே 1909 வாக்கில் அமெரிக்கன் கேரமல் என்ற மிட்டாய் நிறுவனம் வெளியிட்ட அட்டைகளில் வாக்னர் இருக்கிறார். மிட்டாயோடு வந்த படத்தை எதிர்க்காதவர், சிகரெட்டோடு வந்த படத்தை நிறுத்தியிருக்கிறார். சுருட்டுக்கும் சிகரெட்டுக்கும் அன்று இருந்த வேறுபாட்டையும் மறக்கக் கூடாது. சுருட்டு பெரியவர்களின் கௌரவப் பழக்கம். சிகரெட் மலிவானது, சிறுவர்களைக் கெடுப்பது என்று அன்றைய அமெரிக்காவில் பல மாநிலங்கள் அதன் விற்பனையையே தடை செய்திருந்தன. சுருட்டுப் பிடித்துக்கொண்டே ஒருவர் சிகரெட்டை எதிர்ப்பது அன்று முரண்பாடாகத் தோன்றியிருக்காது.

ஆனால் ஒரு பெரிய நிறுவனம் ஏன் பணிந்தது

கதையைச் சொல்பவர்கள் வழக்கமாகத் தாண்டிப்போகும் இடம் இது. அன்றைய அமெரிக்கச் சிகரெட் சந்தையை ஆட்டிப்படைத்த நிறுவனம், ஒரு பந்தாட்டக்காரர் "வேண்டாம்" என்றதும் ஏன் அச்சு எந்திரத்தை நிறுத்த வேண்டும்?

1902இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு வழக்கு தீர்ப்பானது. ஒரு மாவு ஆலை, ஓர் இளம்பெண்ணின் படத்தை அவருக்குத் தெரியாமலேயே 25,000 விளம்பரத்தாள்களில் அச்சிட்டுக் கடைகளில் ஒட்டியது. அந்தப் பெண் வழக்குப் போட்டார், தோற்றார். தன் முகத்தின் மீது ஒருவருக்கு அப்படியொரு சட்ட உரிமை கிடையாது என்று நான்குக்கு மூன்று என்ற கணக்கில் நீதிபதிகள் சொன்னார்கள். பொதுமக்களிடம் கடும் கண்டனம் எழுந்தது. அடுத்த ஆண்டே, 1903இல், நியூயார்க் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது: எழுத்துபூர்வமான சம்மதமின்றி உயிரோடிருப்பவரின் பெயரையோ படத்தையோ விளம்பரத்துக்கும் வணிகத்துக்கும் பயன்படுத்துவது குற்றம், பாதிக்கப்பட்டவர் தடையுத்தரவும் இழப்பீடும் கேட்கலாம்.

அமெரிக்கன் டொபாக்கோவின் தலைமையகம் நியூயார்க்கில் இருந்தது. அட்டைகளை அச்சிட்ட அமெரிக்கன் லித்தோகிராபிக் கம்பெனியும் நியூயார்க் நிறுவனமே. போதாததற்கு, 1907 முதல் ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் மத்திய அரசே புகையிலை நிறுவனத்தின் மீது வழக்கு நடத்திக்கொண்டிருந்தது. 1911 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை உடைக்க உத்தரவிட்டது. கழுத்தில் அப்படியொரு கத்தி தொங்கும்போது நாடறிந்த ஆட்டக்காரரோடு இன்னொரு வழக்கை யாரும் இழுத்துப்போட்டுக்கொள்ள மாட்டார்கள். குரூபருக்கு 10 டாலர் கொடுத்துச் சம்மதம் வாங்கச் சொன்னது மரியாதைக்காக அல்ல, சட்டத்துக்காக என்றே நான் படிக்கிறேன்.

இந்த உரிமை பின்னாளில் இன்னும் வளர்ந்தது. 1953இல் இரண்டு பபிள்கம் நிறுவனங்கள் பேஸ்பால் வீரர்களின் படங்களுக்காக மோதிக்கொண்ட வழக்கில் நீதிபதி ஜெரோம் ஃபிராங்க், ஒருவரின் படத்துக்கு விற்கத்தக்க மதிப்பு உண்டு, அது அவருடைய உரிமை என்று தீர்ப்பெழுதினார். இன்று திரைநட்சத்திரங்களின் முகத்துக்கும் குரலுக்கும் உரிமை கோரும் வழக்குகளில் பேசப்படும் "பிரபல உரிமை" என்ற கோட்பாடு சிகரெட் அட்டைக்கு உறவுமுறையான ஒரு பபிள்கம் அட்டையில் பிறந்தது என்பது வேடிக்கைதான்.

அபூர்வம் மட்டும் விலை ஆகாது

அபூர்வமே விலைக்குக் காரணம் என்றால் டி206 தொகுப்பில் முதலிடம் வாக்னருக்குக் கிடைக்கக் கூடாது. ஜோ டாயில் என்ற பந்துவீச்சாளரின் அட்டையில் முதலில் தவறான லீகின் பெயரை அச்சிட்டுவிட்டுப் பிறகு திருத்தினார்கள். தவறான அச்சு, வாக்னர் அட்டையைவிடப் பல மடங்கு அரிது. விலையோ வாக்னரின் நிழலைக்கூடத் தொடவில்லை. எடி பிளாங்க் என்பவரின் அட்டையும் வாக்னர் அளவுக்கே அரிது என்று கருதப்படுகிறது. அவரும் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற பெரிய பந்துவீச்சாளர். அதுவும் வாக்னரின் விலைக்கு அருகில் வருவதில்லை. பிளாங்க் அட்டை ஏன் அரிதானது என்பதற்கு அச்சுத்தகடு உடைந்தது முதல் அனுமதிச் சிக்கல் வரை விளக்கங்கள் உண்டு. ஆனால் கேட்டவுடன் மனதில் ஒட்டும் கதை எதுவும் இல்லை.

எதிர்த்திசையிலும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. வாக்னர் அட்டையின் சாதனை விலை ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. அதே 2022 ஆகஸ்டில், பிற்காலப் பேஸ்பால் நட்சத்திரமான மிக்கி மேன்டிலின் படத்தோடு டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட அட்டை ஒன்று 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. மேன்டில் அட்டை அரிதானதே அல்ல, ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஏலம் போன அட்டை மட்டும் எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அச்சகத்திலிருந்து அன்று வந்ததுபோல் இருந்தது, பத்துக்கு 9.5 பெற்றது. அங்கே விற்கப்பட்டது நிலைமை. வாக்னர் அட்டையில் விற்கப்படுவது இருப்பு. அது இருந்தாலே போதும். எப்படி இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி.

"இருந்தாலே போதும்" என்பதை உயர்வு நவிற்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2010இல் பால்டிமோரைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்கக் கன்னியர் சபைக்கு, இறந்துபோன ஒருவரின் உயிலின் மூலம் ஒரு வாக்னர் அட்டை வந்துசேர்ந்தது. வெள்ளை ஓரங்கள் வெட்டப்பட்டு, மடிப்பு விழுந்து, போதாக்குறைக்கு லேமினேட் செய்யப்பட்டிருந்தது. வேறெந்த அட்டைக்கும் அது மரண தண்டனை. இது ஏலத்தில் 2.62 லட்சம் டாலருக்குப் போனது. பின்னர் நடுவே கிழிந்து பாதி மட்டுமே மிஞ்சியிருந்த இன்னொரு வாக்னர் அட்டை 4.75 லட்சம் டாலரைத் தாண்டியது.

தர எண் என்றால் என்ன, விலைச் செய்தியை எப்படிப் படிப்பது

அட்டைச் சந்தையில் வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் நம்புவதில்லை. நடுவில் மூன்றாம் நபராகத் தரமதிப்பீட்டு நிறுவனங்கள் வந்தன. பி.எஸ்.ஏ. 1991இல் தொடங்கியது, எஸ்.ஜி.சி. இன்னொன்று. நான்கு மூலைகளின் கூர்மை, ஓரங்கள், மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்திருக்கிறதா என்பன போன்றவற்றைப் பார்த்து 1 முதல் 10 வரை எண் தருவார்கள். பிறகு அட்டையைத் திறக்க முடியாத பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துவிடுவார்கள். ஓரம் வெட்டப்பட்ட அட்டைக்கு எண் கிடையாது. "உண்மையானது" என்ற சான்று மட்டும் கிடைக்கும். வாங்குபவர் காகிதத்தை அல்ல, உறையின் மேலுள்ள எண்ணை நம்பிப் பணம் கொடுக்கிறார்.

இதை மனதில் வைத்து மூன்று விற்பனைகளைப் பாருங்கள்.

1. 2016: தரம் 5 பெற்ற அட்டை, 31.2 லட்சம் டாலர். வழக்கத்தைவிடப் பெரிதாக வெட்டப்பட்டதால் அதற்கு "ஜம்போ" என்று பெயர்.
2. 2021: தரம் 3, 66 லட்சம் டாலர்.
3. 2022: தரம் 2, 72.5 லட்சம் டாலர்.

தரம் இறங்கிக்கொண்டே வருகிறது. விலை ஏறிக்கொண்டே போகிறது. நடுவில் கொரோனா முடக்கக் காலத்தில் வீட்டில் அடைந்திருந்த பணக்காரர்களின் பணம் அட்டைச் சந்தைக்குள் வெள்ளமாகப் பாய்ந்ததுதான் காரணம். அட்டைகள் மாறவில்லை, ஆட்கள் மாறினார்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். முதல் இரண்டும் பொது ஏலம், மூன்றாவது தனிப்பேரம். ஏலத்தில் குறைந்தது இன்னொருவர் கிட்டத்தட்ட அதே விலைக்குக் கையுயர்த்தியிருக்கிறார் என்று பொதுவாக நம்பலாம். தனிப்பேரத்தில் அந்தச் சாட்சி கிடையாது. ஏல விலையிலும் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் பெறும் கட்டணம் அடக்கம். விற்றவர் கைக்குப் போவது வேறு தொகை.

"தாத்தாவின் பெட்டியில் கிடைத்தது" என்று அவ்வப்போது வரும் வாக்னர் அட்டைகள் பெரும்பாலும் மறுபதிப்புகள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் போதும். அசலில் கீழே வாக்னரின் பெயரும் ஊரும் ஒரே நிற மையில் திடமாக அச்சாகியிருக்கும். மறுபதிப்பில் எழுத்தே வண்ணப் புள்ளிகளாகச் சிதறும். ஊரின் பெயரில் ஆங்கில எழுத்து "எச்" கடைசியில் இல்லாததைக் கண்டு போலி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 1891 முதல் 1911 வரை அமெரிக்க அரசின் இடப்பெயர் வாரியம் பிட்ஸ்பர்க்கை அந்த எழுத்து இல்லாமல்தான் எழுதச் சொன்னது.

முதல் எண் கொண்ட அட்டை

தரம், உறை, நம்பிக்கை ஆகிய மூன்றும் ஒரே அட்டையில் மோதிக்கொண்ட கதை தனி. உள்ளதிலேயே மிகப் புகழ்பெற்ற வாக்னர் அட்டை அது.

1985இல் அட்டை வியாபாரி பில் மாஸ்ட்ரோ அதை 25,000 டாலருக்கு வாங்கினார். இரண்டு ஆண்டுகளில் 1.1 லட்சத்துக்கு விற்றார். 1991இல் சதபீஸ் ஏலத்தில் ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய அணி முதலாளி புரூஸ் மெக்னாலும் சேர்ந்து 4.51 லட்சத்துக்கு எடுத்தார்கள். அன்றுமுதல் அது "கிரெட்ஸ்கி வாக்னர்". அதே ஆண்டு தொடங்கிய பி.எஸ்.ஏ. நிறுவனம் தரமிட்ட முதல் அட்டையும் இதுவே. சான்றிதழ் எண் 00000001. தரம் 8. மற்ற வாக்னர் அட்டைகள் எல்லாம் 5ஐத் தாண்ட முடியாமல் தவித்துக்கொண்டிருக்க, இதன் மூலைகள் மட்டும் கத்திபோல் இருந்தன. அப்போதே சிலர் முணுமுணுத்தார்கள்.

1995இல் வால்மார்ட் நிறுவனம் தன் பங்காளியோடு சேர்ந்து இதை 5 லட்சம் டாலருக்கு வாங்கிப் போட்டிப் பரிசாக அறிவித்தது. பரிசு விழுந்தது ஃபுளோரிடாவைச் சேர்ந்த தபால் ஊழியர் ஒருவருக்கு. அமெரிக்காவில் பரிசும் வருமானமே. வரி கட்டியாக வேண்டும். கட்டப் பணமில்லாமல் அவர் அட்டையை ஏலத்துக்குக் கொடுத்தார், 6.41 லட்சத்துக்குப் போனது. 2000இல் 12.65 லட்சம். 2007 பிப்ரவரியில் 23.5 லட்சம். அதே ஆண்டில் மறுபடியும் கைமாறியபோது 28 லட்சம். வாங்கியவர் அரிசோனா டைமண்ட்பேக்ஸ் அணியின் முதலாளி கென் கென்ட்ரிக்.

2012இல் மாஸ்ட்ரோ மீது மத்திய அரசு மோசடிக் குற்றச்சாட்டு பதிவு செய்தது. தன் ஏல நிறுவனத்தில் ஆட்களை வைத்துப் பொய்க்கேள்வி கேட்டு விலையை ஏற்றியது முக்கியக் குற்றம். 2013இல் சிகாகோ நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது இன்னொன்றையும் ஒப்புக்கொண்டார்: பல ஆண்டுகளுக்கு முன் அந்த வாக்னர் அட்டையின் பக்கவாட்டு ஓரங்களைத் தானே வெட்டிச் சீராக்கியதாக. 2015இல் அவருக்கு 20 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

போலி என்பதற்கும் திருத்தப்பட்டது என்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே முக்கியம். அந்த அட்டை போலி அல்ல. 1909இல் அச்சானதுதான், படமும் மையும் அசல்தான். ஆனால் தரமதிப்பீட்டின் சொந்த விதிப்படி அதற்கு 8 கிடைத்திருக்க முடியாது. எந்த எண்ணுமே கிடைத்திருக்க முடியாது. எண்ணைத் திரும்பப் பெற்றால் நிறுவனம் தன் முதல் தீர்ப்பே தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தன் படத்தைப் போட வேண்டாம் என்று ஒரு ஆட்டக்காரர் எழுதிய கடிதத்துக்கு ஒரு பெரும் நிறுவனம் அடங்கியது. அட்டையை வெட்டியவரே நீதிமன்றத்தில் கொடுத்த வாக்குமூலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் உறை அடங்கவில்லை. கிரெட்ஸ்கி வாக்னர் அதே உறைக்குள், அதே 8 என்ற எண்ணோடுதான் இருக்கிறது.